பென்சில் பிரின்ட்

ஒரு காரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் முதலில் எடுப்பது பென்சிலைத்தான். பானெட்டைத் திறந்து, சேஸ் நம்பர், அதாவது காரின் உடம்பிலேயே பொறித்த அடையாள எண், இருக்கிற இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்து ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்துகள் மட்டும் வெள்ளையாக நிற்க, சுற்றிலும் கறுப்பு ஏறிவரும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை தெரிந்தவர்களுக்கு இது பழகியதுதான். கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, அப்புறம் வெளிநாட்டுக் கார்களுக்குப் பேப்பர் பார்க்கிற ஆளாக மாறி 16 வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் ஸ்பேனரைவிட அந்தப் பென்சில்தான் எனக்கு அதிகம் உழைத்திருக்கிறது.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரிவரதன் ரேஸ் கார் கட்டிய ஊர் இது, நரேன் கார்த்திகேயனின் ஊர், செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கிறது. கணபதி, சிங்காநல்லூர்ப் பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் லேத் சத்தம் கேட்கும். உடைந்த பாகத்தைக் கையில் கொடுத்தால் போதும், வரைபடம்கூடக் கேட்காமல் சாயங்காலத்துக்குள் கடைந்து கொடுத்துவிடுவார்கள். "செஞ்சுபோடலாமுங்க" என்பதுதான் இங்கே எல்லாக் கேள்விக்கும் பதில். அந்தத் தைரியத்தில் வளர்ந்தவன் நான், அது எனக்குப் பெருமைதான். ஆனால் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான், காரில் நாம் செய்யவே கூடாத பாகம் ஒன்று உண்டு, அது அந்த நம்பர் என்பது புரிந்தது.

போன வருஷம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தான். பனியன் கம்பெனிக் குடும்பம், வயது 24 இருக்கும். நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர்., அதிலும் ஆர்-34தான் வேண்டும் என்றான். அந்தக் காரைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை. ஆறு சிலிண்டர், ரெண்டு டர்போ, ஜப்பானில் 280 குதிரைத்திறன் என்று எழுதிக் கொடுத்த கணக்கு எல்லாம் சொன்னான். கடைசியில், "ஏனுங்ண்ணா, 1999ல வந்த வண்டி, 25 வருஷம் தாண்டிடுச்சுங்களே, இப்ப கொண்டு வரலாமுங்களே?" என்று கேட்டான்.

வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். அந்த 25 வருஷக் கணக்கு அமெரிக்காவுடையது. அங்கே கார் தயாராகி 25 வருஷம் ஆகிவிட்டால் அவர்களுடைய பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு, அதனால்தான் 2024லிருந்து ஆர்-34 அங்கே கப்பல் கப்பலாக இறங்குகிறது. கனடாவில் 15 வருஷம் போதும். நம் ஊரில் கணக்கு நேர் தலைகீழ். பழைய காராகக் கொண்டு வருவதென்றால் தயாராகி 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும், முகப்பு விளக்கு இடது பக்கம் போகிற போக்குவரத்துக்கு ஏற்றபடி விழ வேண்டும். நமக்குக் கொச்சி பக்கம், சென்னையும் ஓர் இரவுப் பயணம்தான், இருந்தாலும் ஓடிய கார் மும்பைத் துறைமுகத்தில்தான் இறங்க வேண்டும். 50 வயதைத் தாண்டிய பழங்கால வண்டிகளுக்கு 2021ல் தனிப் பதிவு விதி வந்தது, நம்பரிலேயே 'வி.ஏ.' என்று இருக்கும், ஆனால் அதைத் தினசரி ஓட்ட முடியாது. ஆர்-34க்கு அந்த வயதும் ஆகவில்லை.

நியாயமாகக் கொண்டு வந்த வண்டிகளும் உண்டு. இங்கிலாந்திலிருந்து திரும்பிய ஒரு டாக்டரின் போர்ஷே அப்படி வந்தது. 3 வருஷம் என்பது தயாரான நாளிலிருந்து எண்ணுவது, முதல் பதிவுத் தேதியிலிருந்து இல்லை. அவர் கேட்ட அன்றைக்கே ரெண்டே முக்கால் வருஷம் ஓடியிருந்தது. கப்பல் தேதி தள்ளித் தள்ளிப் போக, நானும் மும்பையில் இருந்த ஏஜென்ட்டும் தினமும் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் விளக்கில் வேலை இல்லை, மைல் கணக்கை மட்டும் கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டியிருந்தது. கப்பல் ஏறும் முன் அங்கே ஒரு சோதனை, இறங்கிய பின் புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதனை. அடிப்படைச் சுங்க வரி மட்டும் அப்போது 125 சதவீதம், அதாவது வரியே காரின் விலையைத் தாண்டிவிடும், ஜி.எஸ்.டி. அதற்கு மேல். அப்புறம் இங்கே வந்தால் ஆயுட்கால வரி, அதுவும் 20 லட்சத்துக்கு மேல் என்றால் 2023 நவம்பரிலிருந்து 20 சதவீதம். டாக்டர் எல்லாவற்றையும் கட்டினார். நம்பர் பிளேட் மாட்டிய அன்றைக்கு அவினாசி ரோட்டில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனேன். ஹோப் காலேஜ் சிக்னலில் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். டாக்டர் பதற்றமில்லாமல் கண்ணாடியை இறக்கி ஆர்.சி.யை நீட்டினார். அந்த நிதானத்துக்காகத்தான் இவ்வளவு செலவும் என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் பதற்றமின்மையை இன்னொருவருக்கு என்னால் கொடுக்க முடியாமல் போனது. நான் இந்தத் தொழிலில் சேர்ந்து மூணாவது வருஷம் அது. ஊத்துக்குளிப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில் முதலாளி, ஏற்கெனவே வடக்கே பதிவான ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் இன்ஜினைப் பார்த்தேன், கம்ப்ரெஷன் பார்த்தேன், சஸ்பென்ஷனைப் பார்த்தேன், எல்லாம் அருமை என்றேன். ஆர்.சி. இருக்கிறதே, வேறென்ன என்று துறைமுகத்தில் வரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரியைக் கேட்கவில்லை. அந்தக் கார் கார்னெட்டில் வந்தது. சுற்றுலாவாக வருகிறவர் வரி கட்டாமல் 6 மாதம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுபோக வேண்டிய ஏற்பாடு அது, இங்கே விற்கவே கூடாது. வாங்கி 14 மாதம் கழித்து அதிகாரிகள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். விற்றவன் போன் அணைந்திருந்தது. கடைசியாகக் கையில் வைத்திருப்பவரிடமிருந்துதான் கார் போகும். அவர் என்னைத் திட்டவில்லை. "நீ பார்த்துச் சொன்னீன்னுதானே கண்ணு வாங்குனேன்" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் அந்த வழியாகப் போகும்போது மில் கேட்டைப் பார்க்காமல் கடக்க முடியாது.

திருப்பூர்த் தம்பிக்கு நான் வேண்டாம் என்று சொன்னேன். 2016ல் நிசான் தானே அடுத்த ஜி.டி.ஆரான ஆர்-35ஐ இங்கே 1.99 கோடிக்கு விற்றது, அதில் கைமாறி வருவது கிடைத்தால் பார்க்கலாம், பேப்பர் சுத்தமாக இருக்கும் என்றும் சொன்னேன். அவன் முகம் விழுந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு மாதம் கழித்துப் போன் செய்தான். பல்லடத்துப் பக்கம் ஒரு ஷெட்டில் நிஜமாகவே ஆர்-34 நிற்கிறது, வடகிழக்கு மாநில நம்பர், ஆர்.சி. இருக்கிறது, வந்து பார்க்க முடியுங்களா என்றான்.

போனேன். நீல நிறம். அவ்வளவு பக்கத்தில் அந்தக் காரை நானும் அதுவரை பார்த்ததில்லை, கொஞ்ச நேரம் சும்மா சுற்றி வந்தேன். விற்பவர் இன்ஜினை ஓட்டிக் காட்டினார், சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. அப்புறம் இன்ஜினுக்குப் பின்னால் ஃபயர்வால் என்கிற தடுப்புத் தகட்டில் தாளை ஒட்டித் தேய்த்தேன். ஜப்பான் சந்தைக்குச் செய்த ஆர்-34 ஜி.டி.ஆரில் 'பி.என்.ஆர்.34' என்று தொடங்கும் சின்ன நம்பர்தான் இருக்கும், 17 இலக்கம் இருக்காது. தாளில் 17 இலக்கம் வந்தது, தொடக்கம் 'எம்.ஏ.3'. நம் மாருதி கார்களில் வரும் தொடக்கம் அது. எழுத்துகளுக்கு அடியில், பெயின்ட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கிரைண்டர் கோடுகள் சாய்வாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, பென்சில் கறுப்பில் எழும்பி நின்றன.

தாளைப் பிரித்துத் தம்பியிடம் கொடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சத்துக்குப் போய் ரொம்ப நேரம் பார்த்தான். விரலால் அந்தக் கோடுகளைத் தொட்டதில் கறுப்பு ஒட்டியது. விற்பவர் ரேட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

"இந்தப் பேப்பர நானே வெச்சுக்கட்டுங்களாண்ணா?" என்றான். கறுப்பு கலையாமல் இருக்க அதன்மேல் இன்னொரு டேப் ஒட்டிக் கொடுத்தேன்.