இரண்டுக்குப் பூச்சியம்

எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணி முதல் கோலைப் போட்டுவிட்டால் எதிரணியைவிட எங்கள் பெடியன்களுக்குத்தான் கூடப் பயம். பின்னுக்கு நின்று அடித்து வென்ற ஆட்டங்கள் எங்களுக்கு நிறைய உண்டு. முன்னுக்கு நின்று, அதைக் காப்பாற்றி வென்றது மிகக் குறைவு. மலர்க்குழுவினர் விளையாட்டைப் பற்றி எழுதக் கேட்டார்கள். கிண்ணம் வென்ற அணிகளைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களின் படங்களும் மண்டபச் சுவரில் தொங்குகின்றன. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் இடப்பக்கத் தடுப்பில், லெஃப்ட் பக்காக, ஆடிய அணிக்கு அப்படிப் படம் எதுவும் இல்லை. நானே எழுதினால்தான் உண்டு.

காற்றில் இருந்து தொடங்குகிறேன். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் மைதானத்தில் பின்னேரம் முழுக்க ஒரு கோல் கம்பத்தில் இருந்து மற்றதை நோக்கி அடித்துக்கொண்டே இருக்கும். நாணயச் சுழற்சியில் வென்றால் எங்கள் தலைவர் யோசிக்கவே மாட்டார், காற்றுப் பக்கத்தைத்தான் எடுப்பார். முதற்பாதியில் நடுக்கோட்டில் நின்று தூக்கி அடிக்கும் பந்துகூட எதிர்க் கோலடிக்குப் போய்விடும். இடைவேளைக்குள் ஒன்று இரண்டு போட்டுவிட்டு, தோடம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டு வேலியோரம் இருப்போம். அப்புறம் பக்கம் மாறும். எங்கள் கீப்பர் உதைக்கும் பந்து மேலே எழும்பி, அந்தரத்தில் கொஞ்சம் யோசித்து நின்று, எங்கள் பெனால்ரிப் பெட்டிக்கு வெளியிலேயே வந்து விழும். விழுந்த இடத்தில் எதிரணிக்காரன் ஒருவன் ஆறுதலாக நின்றுகொண்டிருப்பான்.

ஆனாலும் காற்று பாதிக் காரணம்தான். காற்று விழுந்த நாட்களிலும் நாங்கள் விட்டிருக்கிறோம்.

எங்களுக்குப் பந்து பழக்கிய மாஸ்ரர் வகுப்பில் கணிதம் படிப்பித்தவர். எங்கள் போட்டிகளில் வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1. இங்கிலாந்து லீக்கில் 1981இலேயே வெற்றிக்கு 3 என்று மாற்றிவிட்டார்கள். உலகக் கிண்ணத்துக்கு அது 1994இல்தான் வந்தது. மாஸ்ரரின் கணக்கு இப்படி: முன்னுக்கு நிற்கும்போது இன்னொரு கோலுக்கு ஆசைப்பட்டு ஓடினால் இரண்டும் போகலாம், பின்னுக்கு நின்று மறித்தால் மிஞ்சிப்போனால் ஒன்றுதான் போகும். கணக்கில் பிழையில்லை. ஆனால் பதினொரு பேரும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு ஆடினால் பந்தை ஆர் வைத்திருப்பது?

நேரத்தைக் கடத்த எங்களிடம் ஒரு வழி இருந்தது. நான் கீப்பருக்கு உருட்டிவிடுவேன், அவன் கையில் எடுத்து, பந்தை இரண்டு தரம் குத்தி, திரும்ப எனக்கே உருட்டுவான். சனம் கூக்காட்டும். 1992இல் விதியை மாற்றி, சொந்த அணிக்காரன் காலால் தட்டிவிட்ட பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்றார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கூத்து இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அது நல்ல மாற்றம்தான். லெஃப்ட் பக்குகளைத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த சுற்றுக்குப் போக வென்றேயாக வேண்டிய ஆட்டம் ஒன்று. இடைவேளைக்கு இரண்டுக்குப் பூச்சியம், நாங்கள் முன்னுக்கு. பக்கம் மாறியதும் ஒருவரும் சொல்லாமலே எங்கள் போர்வேர்ட் இரண்டு பேரும் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். கரையில் நின்ற மாஸ்ரர், தன் கணக்கையே மறந்தவர்போல, "முன்னுக்குப் போங்கோடா, ஏன்ரா எல்லாரும் இஞ்ச வாறியள்!" என்று கத்தியது இன்னும் காதில் கிடக்கிறது. எதிரணியின் வலது விங்கர் சப்பாத்துப் போடாமல் ஆடும் கட்டையான பெடியன். நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் இப்பால் நின்று அவன் தூக்கிய பந்தைக் காற்று கொண்டுவந்து கீப்பருக்கு முன்னால் குத்த வைத்தது. குத்திய பந்து அவன் கைக்கு மேலால் எழும்பி உள்ளே போனது. அதோடு எங்கள் பெட்டிக்குள் சந்தைச் சனம். கடைசியில் ஒரு கோர்னர், ஆரின் முழங்காலில் பட்டது என்று இன்றுவரை தீர்ப்பில்லை. இரண்டுக்கு இரண்டு. ஒரு புள்ளியால் வீட்டுக்குப் போனோம்.

லண்டனுக்கு வந்த பிறகு அந்தக் கீப்பரும் நானும் ஆர்சனல் அணியின் ரசிகர்கள் ஆனோம். 2011 பெப்ரவரி 5, நியூகாசிலில் ஆட்டம். இங்கே சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்ட மாட்டார்கள், வானொலிதான் கதி. முதல் நிமிடத்திலேயே வோல்கொட் ஒன்று, 26ஆம் நிமிடத்தில் வான் பெர்சி நாலாவது. "மச்சான், இனி இதில என்ன இருக்கு" என்று கீப்பர் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் இருந்து கூட்டிவரப் போய்விட்டான். இடைவேளை முடிந்து சில நிமிடங்களில் டியாபி சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். அதற்குச் சற்று முன்னர்தான் ஜூரூவும் காயத்தோடு போயிருந்தார். மிஞ்சிய பத்துப் பேரும் பெட்டிக்குள் வந்து குந்திக்கொண்டார்கள். நியூகாசிலுக்குப் பார்ட்டன் இரண்டு பெனால்ரி, நடுவில் பெஸ்ட் ஒன்று, 87ஆம் நிமிடத்தில் பெட்டிக்கு வெளியே நின்று தியோத்தே இடது காலால் அடித்த அடி. நாலுக்கு நாலு. பிரீமியர் லீக்கில் நாலு கோல் பின்னுக்கு நின்ற அணி தோற்காமல் வந்தது அதுதான் முதல் தரம். கீப்பருக்குத் தொலைபேசியில் சொன்னேன். பகிடி விடுகிறேன் என்று வைத்துவிட்டான்.

அட்டையைக் காரணம் சொல்லலாம்தான். 2023 ஏப்ரலில் அட்டையும் இல்லை. அன்ஃபீல்டில் லிவர்பூலுக்கு எதிராக இரண்டுக்குப் பூச்சியம், 87ஆம் நிமிடத்தில் ஃபிர்மினோ சமன் செய்தார். அடுத்த கிழமை வெஸ்ற் ஹாமில் பத்து நிமிடத்துக்குள் இரண்டுக்குப் பூச்சியம், அதுவும் இரண்டுக்கு இரண்டு. எங்கள் தடுப்பாட்டக்காரர் சலிபா காயத்தில் இருந்ததால் தடுப்பு ஆட்டம் கெட்டது என்று எழுதினார்கள். அது உண்மைதான். எனக்கு உறுத்தியது வேறு: மூன்றாவது கோலுக்குப் போகிற கால்கள் இரண்டாவது கோலோடு நின்றுவிட்டன. வெஸ்ற் ஹாமில் சாக்காவுக்கு ஒரு பெனால்ரி கிடைத்தது, வெளியே அடித்தார். இரண்டு நிமிடத்தில் போவன் சமன் செய்துவிட்டார். மாஸ்ரர் காலத்தில் இப்படி விட்டால் ஆட்டத்துக்கு ஒரு புள்ளி நட்டம், இப்போது இரண்டு.

அந்த வருடம் லீக் முடிவில் மான்செஸ்ரர் சிற்றிக்கு 89 புள்ளி, ஆர்சனலுக்கு 84. விட்ட நாலையும் கூட்டினாலும் 88தானே என்று நான் சொன்னால், கிண்ணம் உறுதியான பிறகு சிற்றி கடைசி இரண்டு ஆட்டமும் வெல்லவில்லை, அதையும் கணக்கில் எடு என்கிறான் கீப்பர். எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் இந்த வழக்கு இன்னும் ஓடுகிறது. ரொரன்ரோவில் இருக்கும் எங்கள் பழைய தலைவர் மட்டும் இதில் வாய் திறப்பதில்லை. அவர் செல்சிக்காரர், அந்த வருடம் செல்சி 12ஆம் இடம்.