வால்சிங்கம்: செருப்பைக் கழற்றி நடக்கும் ஒரு மைல்

இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் மாதா யாத்திரைத் தலமான வால்சிங்கத்துக்குக் காரில் போகிறவர்கள் வழிகாட்டிச் செயலியில் ஊர்ப்பெயரை மட்டும் போட்டால், பெரும்பாலும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) திருத்தலத்தின் பக்கம் போய் நிற்பார்கள். கத்தோலிக்கத் திருத்தலம் அங்கே இல்லை. ஒரு மைல் தள்ளி ஹௌட்டன் செயின்ட் ஜைல்ஸ் என்ற குக்கிராமத்தை ஒட்டியிருக்கிறது. வாகனம் நிறுத்த இடமும் அங்கேதான் தாராளம். ஊருக்குள் தெருக்கள் ஒடுக்கம். விழா நாளில் பெரிய பஸ்ஸைக் கொண்டுபோனால் திருப்ப முடியாமல் தவிக்க வேண்டியதுதான்.

முதலில் ஹௌட்டனுக்கே போங்கள், அதுதான் பழைய முறையும். 1340 அளவில் கட்டப்பட்ட ஸ்லிப்பர் சாப்பல் என்ற சிற்றாலயத்தில் யாத்திரிகர் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு மிச்ச ஒரு மைலை வெறுங்காலால் நடந்தார்கள். எட்டாம் ஹென்றி மன்னரும் 1511இல் வெறுங்காலோடு வந்ததாகச் சொல்வார்கள். அதே மன்னரின் ஆட்சியில்தான் 1538இல் வால்சிங்கத்திலிருந்த துறவிகளின் மடம் மூடப்பட்டது. அங்கிருந்த அன்னை மரியாளின் சுரூபம் லண்டனுக்குக் கொண்டுபோய் எரிக்கப்பட்டது. மடத்தின் துணைத் தலைவர் நிக்கலஸ் மைல்ஹாமை முந்திய ஆண்டே தூக்கிலிட்டிருந்தார்கள். அதன்பின் சிற்றாலயம் ஏழைகள் விடுதி, கொல்லன் பட்டறை, மாட்டுக்கொட்டில் எனப் பல கைமாறியது. 1896இல் சார்லட் பாய்ட் அம்மையார் விலைக்கு வாங்கிய பிறகே அதற்கு விடிவு. 1934இல் கத்தோலிக்கத் தேசியத் திருத்தலமானது. உள்ளே இடம் மிகக் குறைவு, சிலர் நின்றாலே நிறைந்துவிடும். கூட்டத்துக்கான திருப்பலி எதிரே களஞ்சிய வடிவில் கட்டிய பெரிய ஆலயத்தில் நடக்கும்.

நடைக்கு இரண்டு வழி. தார்ச்சாலை வெறுங்காலுக்கு இதம், ஆனால் நடைபாதை கிடையாது, வண்டி வரும். பவனியாகப் போகும்போது மட்டும் அது சரி. தனியாகவோ குழந்தைகளோடோ போனால் பழைய ரயில் தடத்துப் பாதை நல்லது. அதில் கல் குத்தும், மழைக்குப் பின் சேறு. கனத்த காலுறை போட்டு நடப்பதில் ஒரு குறையும் இல்லை. அரை மணி போதும். முதியவர்களோடு செபமாலை சொல்லிக்கொண்டு போனால் முக்கால் மணி. ஜூலையிலும் மழை வரும். பவனியில் குடை பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் குத்தும், மழை அங்கியே மேல்.

ஊரில் பலரும் தவறவிடுவது மடத்தின் இடிபாடு. 1061இல் ரிச்செல்டிஸ் என்ற சீமாட்டி அன்னையின் காட்சி கண்டு நாசரேத்தில் அன்னை வாழ்ந்த வீட்டின் மாதிரியைக் கட்டினார் என்பது மரபு. அந்த வீட்டின் அளவை 15ஆம் நூற்றாண்டில் ஒருவர் குறித்து வைத்திருக்கிறார்: நீளம் 23 அடி 6 அங்குலம், அகலம் 12 அடி 10 அங்குலம். நம் வீட்டு முன்னறையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான்! 1961 அகழாய்வு அதன் இடத்தைக் காட்டியது. இன்று அங்கே புல்தரை. பக்கத்தில் மடாலயத்தின் கிழக்குச் சன்னல் வளைவு மட்டும் தனியே நிற்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுத்துப் பார்க்கத் தகும்.

ஆங்கிலிக்கன் திருத்தலத்தை ஹோப் பேட்டன் என்ற குரு 1931இல் எழுப்பினார். அடித்தளம் தோண்டியபோது கிடைத்த பழைய கிணற்றின் நீரை ஒரு வாய் பருகத் தருவார்கள், நெற்றியில் சிலுவை இடுவார்கள், கைகளில் வார்ப்பார்கள். எந்தச் சபையினரும் போகலாம். சிறு போத்தல் கொண்டுபோனால் வீட்டுக்கும் எடுத்துவரலாம்.

ஜூலையில் நடக்கும் தமிழர் யாத்திரைக்கு ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். இலங்கையின் மடு மாதா தலத்தைப் போலவே இந்துக்களும் வருவது வழக்கம். அன்று சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள். ஊரில் வசிப்பவர்களே எண்ணூறு பேர் அளவுதான். இருக்கிற தேநீர்க்கடைகள் அந்தக் கூட்டத்தைத் தாங்காது. அமைதியாகச் செபிக்க நினைப்பவர்கள் வேறு வாரநாளில் போவதே நல்லது.

கார் இல்லாதவர்கள் லண்டனிலிருந்து கிங்ஸ் லின் வரை ரயில், பிறகு ஃபேக்கன்ஹம் ஊடாகப் பேருந்து. ஊரின் சொந்த ரயில் 1964இல் நின்றுபோனது. நிலையக் கட்டடம் இப்போது ஆர்த்தடாக்ஸ் சிற்றாலயம். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை நம்பிப் புறப்படாதீர்கள், திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை முதல்நாளே பார்த்து வையுங்கள்.