சேவ் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்

மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரே சீசனில் அதிக சேவ் (அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்துவீச்சாளரின் கணக்கில் சேர்வது) எடுத்தவர் ஏஞ்சல்ஸ் அணியின் பிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ்: 2008இல் 62. ஆனால் கிடைத்த வாய்ப்புகள் 69. மூன்று ரன் முன்னிலையோடு கடைசி இன்னிங்ஸ் வீச வருபவர் இரண்டு ரன் கொடுத்தாலும் சேவ் உண்டு. அந்த ஆட்டத்தில் அவர் ஈ.ஆர்.ஏ. (ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக, முழு ஆட்டமான 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கும் ரன்) 18.00!

என்னைக் கேட்டால், 2016இல் ஓரியோல்ஸ் அணியின் ஜாக் பிரிட்டன்தான் உச்சம். 47 வாய்ப்பு, 47 சேவ். ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக, 67 இன்னிங்ஸில் 4 ரன்தான். நான்கை 9ஆல் பெருக்கி 67ஆல் வகுத்தால் ஈ.ஆர்.ஏ. 0.54. அவருடைய சிங்கர் என்ற வகைப் பந்து கடைசி நொடியில் தாழ்ந்துவிடும். மட்டையில் பட்டாலும் பெரும்பாலும் தரையில்தான் உருளும். அப்படிப்பட்டவரை, முன்னிலை கிடைக்கட்டும் என்று காத்திருந்து, டொராண்டோவுடனான வைல்ட் கார்டு என்ற நாக் அவுட் ஆட்டத்தில் கடைசிவரை இறக்காமலே 11ஆவது இன்னிங்ஸில் தோற்றார்கள்.