மொன்டெரோவா, பிராடோவா?

ஏழு பேர் ஏறக்கூடிய ஜீப் ஒன்று பார்க்கச் சொல்லி அத்தான் கேட்டதில் இருந்து வீட்டில் இதே கதைதான். என் வாக்கு மிட்சுபிஷி மொன்டெரோவுக்கு. வேறு நாடுகளில் பஜேரோ என்று ஓடுகிறதே, அதேதான்.

டொயோட்டா பிராடோ, ஏணி மாதிரியான இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பூட்டிய வண்டி. முரட்டு ஆள், மறுக்கவில்லை. மொன்டெரோவில் 1999இல் இருந்தே சட்டமும் உடலும் ஒன்று, நாலு சில்லுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். பள்ளத்தில் ஒரு சில்லு விழுந்தால் மற்றப் பக்கம் இருப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. கடைசி சீற் மடித்தால் தரைக்குள் போய்விடும். ஆனால் அது பிள்ளைகளுக்குத்தான் சரி. அத்தான் ஏறினால் முழங்கால் நாடியில் முட்டும்.

எஞ்சின் என்றால் 3.2 லீற்றர் டீசல். பெற்றோலில் 3.0, 3.8 வி6 (ஆறு சிலிண்டர்) இரண்டும் உண்டு, சத்தமே இராது, குடிக்கும் குடிதான் தாங்காது. டீசல் கொஞ்சம் உறுமும். உறுமட்டும். மணற்காட்டு மணலில் மெதுவாக இழுக்க அந்தப் பலம்தான் வேண்டும். முன் சில்லுகளையும் பின் சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரென்ஷியல் இருப்பதால் மழை நாளில் ஏ9 தார் வீதியிலும் நாலு சில்லு ஓட்டத்தில் போகலாம். மணலில் இறங்கும்போது அதை லொக் பண்ணி, ரயர் காற்றையும் குறைத்தால் சரி.

2021இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், அதனால் பழசுதான் தேடுகிறோம். புதுப் பிராடோ? 2025இல் இலங்கையில் வாகன இறக்குமதி திறந்தும் அந்த வரிக்கு ஒரு வீடே கட்டலாம்.

நல்லது கண்ணில் பட்டால் இன்பொக்ஸில் சொல்லுங்கோ. வெள்ளை நிறம் மட்டும் வேண்டாமாம், அக்காவின் கட்டளை.