ஆண்டுக்கு ஒரு டாலர் ஊதியம்: ராட் டெடோவைப் படித்த நாட்கள்

2025 பிப்ரவரி 14

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பருவம் இன்று தொடங்குகிறது. பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் லட்சக்கணக்கான டாலர் வாங்கும் இந்நாளில், தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1942 முதல் 1986 வரை, ஆண்டுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு ஊதியத்தில் பேஸ்பால் பயிற்சியாளராகப் பணியாற்றிய ராட் டெடோவைப் பற்றிப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். சொந்தமாக லாரிப் போக்குவரத்து நிறுவனம் நடத்திவந்ததால், பிழைப்புக்காக அவர் பல்கலைக்கழகத்தை நம்பியிருக்கவில்லை. இது வெறும் தியாகமன்று, ஒரு பயிற்சியாளருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய சுதந்திரம் என்றே கருதுகிறேன்.

பிப்ரவரி 17

1914இல் இதே நாளில் நியூ ஆர்லியன்சில் பிறந்தவர் டெடோ. 1935இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணிக்காக இரண்டே ஆட்டங்கள் ஆடினார். முதுகுக் காயம் அவருடைய ஆட்ட வாழ்வை முடித்துவைத்தது. தம் ஆசிரியரும் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளருமான சாம் பாரி போர்க்காலத்தில் கடற்படைக்குச் சென்றபோது அணியின் பொறுப்பேற்றவர், அவர் திரும்பிய பிறகு அவருடன் இணைந்தே பணிபுரிந்தார். 1948இல் இருவருமாக முதல் தேசியப் பட்டத்தை வென்றனர். தோற்ற யேல் அணியின் தலைவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்.

பிப்ரவரி 20

இன்று முழுவதும் 1973ஆம் ஆண்டு ஒமாஹாவில் நடந்த தேசியக் கல்லூரிப் பட்டப் போட்டியின் அரையிறுதியைப் பற்றியே படித்தேன். மினசோட்டா அணிக்காகப் பந்தெறிந்தவர் டேவ் வின்ஃபீல்டு. ஆறரை அடி உயரமுள்ள அவர் பதினைந்து பேரை ஸ்டிரைக் அவுட் செய்திருந்தார், அதாவது தம் பந்துவீச்சாலேயே ஆட்டமிழக்கச் செய்திருந்தார். கடைசியான ஒன்பதாம் இன்னிங்ஸ் தொடங்கும்போது டெடோவின் அணி 7-0 எனப் பின்தங்கியிருந்தது. அந்த ஒரே இன்னிங்ஸில் எட்டு ஓட்டங்கள் எடுத்து 8-7 என வென்றார்கள். ஓட்டங்கள் வரத் தொடங்கியதும் களைத்துப்போன வின்ஃபீல்டைப் பந்தெறிவதிலிருந்து விடுவித்து, இடது வெளிக்களத்தில் நின்று பந்து பிடிக்க மாற்றினார்கள். அவருக்குப் பின் வந்தவர்களால் அலையை நிறுத்த முடியவில்லை. இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. முந்தைய மூன்று ஆண்டுகளும் பட்டம் வென்ற அணி அது. கடைசி அவுட் விழும்வரை ஆட்டம் நம் கையில்தான் இருக்கிறது என்ற எண்ணம் அதற்குப் பழகிப்போயிருந்தது. அப்பழக்கத்தை ஊட்டுவதுதான் பயிற்சியாளரின் வேலை. இறுதியாட்டத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தையும் வென்று, 1970 முதல் 1974 வரை தொடர்ந்த ஐந்து பட்டங்களில் நான்காவதைக் கைப்பற்றினார்கள்.

பிப்ரவரி 22

பின்னாளில் புகழ்பெற்ற பந்தெறிவாளரான டாம் சீவருக்கு உடனே உதவித்தொகை தந்துவிடாமல், 1964 கோடையில் அவரை அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் அணிக்கு அனுப்பி, அங்கே பந்தெறிந்து தம்மை நிரூபிக்கச் செய்தார் டெடோ. கால்பந்து உதவித்தொகையில் வந்த ஃபிரெட் லின் அவரிடம் பேஸ்பால் வீரராக வளர்ந்தார். எல்லாரையும் டெடோ ‘டைகர்’ என்றே அழைப்பாராம்.

பிப்ரவரி 23

மொத்தம் 1,332 வெற்றிகள், 11 பட்டங்கள். எனினும் என்னை இன்று நெடுநேரம் சிந்திக்கவைத்தது ஒரு தோல்வி. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பால் பதக்கக் கணக்கில் சேராத காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது, பின்னாளில் தொழில்முறை நட்சத்திரங்களான மார்க் மெக்வயர், வில் கிளார்க், பேரி லார்கின் ஆகியோர் ஆடிய அமெரிக்க அணிக்கு அவரே பயிற்சியாளர். டாட்ஜர் மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ஜப்பான் 6-3 என வென்றது. அந்த ஜப்பானுடன் 1972இல் கல்லூரி அணிகளின் தொடரைத் தொடங்கப் பாடுபட்டவர் டெடோதான். 1992இல் பார்சிலோனாவில் பேஸ்பால் பதக்க விளையாட்டானது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அவர் ஓய்வு பெற்றிருந்தார்.