சத்தத்தைக் குறைத்து வைத்து: மார்ச் நாட்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

அப்பாவின் டெஸ்ட் ரிப்போர்ட் வியாழக்கிழமை என்றிருக்கிறார்கள். ராத்திரி 'செர்னோபில்', 1986 சோவியத் அணு உலை விபத்து பற்றிய நாடகத் தொடர், முதல் இரண்டு பகுதிகள்.

மார்ச் 4, புதன்

மொத்தமே ஐந்து பகுதிகள். 2019இல் ஹெச்பிஓவும் ஸ்கையும் சேர்ந்து எடுத்தது. எழுதியவர் கிரேக் மேசின், இயக்கம் யோஹான் ரெங்க். எந்தத் தளத்தில் என்று எழுதப்போவதில்லை, உரிமம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள்.

ஒரே மூச்சில் ஐந்தையும் பார்க்காதீர்கள். இரண்டு, ஒன்று, இரண்டு என்று பிரித்துக்கொள்வது நல்லது. நடுவில் தனியாக நிற்பது மூன்றாவது. மாஸ்கோ மருத்துவமனையில் தீயணைப்பு வீரர்களின் உடல் என்ன ஆகிறது என்பதைக் கேமரா விலகாமல் காட்டுகிறது. வீட்டில் படுக்கையில் ஆள் இருந்தால் அதை அவர் கண்ணில் படாமல், பகலில், தனியாகப் பாருங்கள். நான்காவதில் கைவிடப்பட்ட ஊர்களில் நாய்களைச் சுட்டுக்கொண்டே போகிறார்கள். அதைத் தாங்காதவர்கள் அந்தக் காட்சியைத் தள்ளிவிடலாம், கதை அறுந்துபோகாது. ஆனால் அதே பகுதியில் வரும் கூரைக் காட்சியைத் தள்ளாதீர்கள். அங்கே கதிர்வீச்சு அவ்வளவு, அதனால் ஒரு ஆளுக்கு 90 வினாடி. உலைக்குள்ளிருந்து சிதறிய கிராஃபைட் துண்டை மண்வாரியால் அள்ளிக் கீழே போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். நமக்கும் அதே 90 வினாடிதான் ஓடுகிறது.

சத்தம் பற்றி. ராத்திரி குறைத்து வைத்தால் வசனம் காதில் விழாது, சைரன் மட்டும் வீட்டையே எழுப்பும். டிவி பழுதாகவில்லை. ஒலி 5.1க்குக் கலந்தது, அதாவது ஆறு ஸ்பீக்கருக்கு, பேச்சு முழுக்க நடு ஸ்பீக்கருக்குப் போகும். அந்த ஸ்பீக்கர் இல்லாத டிவியில் பேச்சு அமுங்கிவிடும். ஆடியோ மெனுவில் 5.1ஐ மாற்றி ஸ்டீரியோ வையுங்கள். டிவியிலோ சவுண்ட்பாரிலோ நைட் மோட் இருந்தால் அதையும் போடுங்கள், பெரிய சத்தம் தணிந்து சின்னச் சத்தம் மேலே வரும். சப்டைட்டிலில் சிசி என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள், வசனத்தோடு ஓசைகளையும் எழுதிக் காட்டும். இந்தத் தொடருக்கு அது அவசியம். ஹில்டூர் குவத்னடோட்டிர் இசைக்கான ஒலிகளை லிதுவேனியாவில் இக்னாலினா அணுமின் நிலையத்துக்குள் போய்ப் பதிவு செய்தார். மூடப்பட்டுவிட்டது, ஆனால் செர்னோபிலில் இருந்த அதே ஆர்பிஎம்கே வகை உலை. கதவும் பம்பும்தான் இசையாகக் கேட்கின்றன.

மார்ச் 5, வியாழன்

வரவில்லை. திங்கள் என்கிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி

ஐந்தாவது பகுதியின் நீதிமன்றக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அணு உலை வெடித்த காரணத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்ன நாடகம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. விஞ்ஞானி லெகசோவாக வரும் ஜாரெட் ஹாரிஸ் ஒரு பலகையில் சிவப்பு அட்டையும் நீல அட்டையுமாக மாட்டிக்கொண்டே போகிறார். சிவப்பு, உலையின் அணுவினை கூடுகிறது. நீலம், குறைகிறது. அதைத் தவிர வேறு வித்தை எதுவும் கிடையாது.

அவர் வேகமாகப் பேசுவதால் தவறிப்போகும். இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். முழுச் சக்தி 3,200 மெகாவாட் வெப்பம். அன்று உலையில் நடத்தவிருந்த பாதுகாப்புச் சோதனைக்கு வேண்டியது 700. பகலிலேயே முடித்திருக்க வேண்டியதை, கீவ் நகரத்து மின் கட்டுப்பாட்டு அறை மின்சாரம் கேட்டதால் பாதிச் சக்தியில் மணிக்கணக்காக இழுத்தார்கள். அந்த நேரத்தில் உள்ளே செனான் வாயு சேர்ந்தது. வினையை நடத்தும் துகளான நியூட்ரானைச் செனான் விழுங்கும், அதாவது நீல அட்டை. ராத்திரி சக்தி 30க்கு விழுந்தது. வினையை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளைப் பெரும்பாலும் வெளியே இழுத்து 200க்கு ஏற்றினார்கள். பிறகு நீர்வரத்து குறைந்து நீராவி கூட, சிவப்பு. அவசரத்துக்கு ஏஇசட்-5 பொத்தானை அழுத்தினால் எல்லாத் தண்டுகளும் ஒன்றாக இறங்கும். தண்டின் கீழே கிராஃபைட் பகுதி ஒன்று இருந்தது. தண்டு இறங்கும்போது உலையின் அடிப்பகுதியில் நியூட்ரானை உறிஞ்சிக்கொண்டிருந்த தண்ணீரை அந்தக் கிராஃபைட் முதலில் தள்ளிவிட்டது. நிறுத்துவதற்கான பொத்தானே முதல் சில நொடிகள் வினையைக் கூட்டியது.

கிராஃபைட் எங்கே வருகிறது என்று முதல் பகுதியிலிருந்தே கவனித்து வாருங்கள். ஒரு தீயணைப்பு வீரர் அதைக் கையில் எடுக்கிறார். 'நீ கிராஃபைட்டைப் பார்க்கவே இல்லை' என்று அதிகாரி சாதிக்கிறார். ஐந்தாவது பகுதிக்கான விதை அங்கேயே விழுந்துவிடுகிறது.

மார்ச் 7, சனி

நாடகத்தை முதலில் பாருங்கள், ஆவணப்படத்தைப் பிறகு. நாடகம் ஒரு முடிவு எடுக்கப்படும் அறைக்குள் நம்மை உட்கார வைக்கும். ஆவணப்படம் அந்த அறையில் நிஜமாக யார் இருந்தார்கள் என்று சொல்லும். வரிசை மாறினால் நாடகம் முழுக்கப் பிழை தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்போம்.

பிழைகள் இருக்கின்றன. லெகசோவ் 1987 ஜூலை விசாரணைக்குப் போகவே இல்லை. எமிலி வாட்சன் செய்யும் கோம்யுக் என்று ஒருவர் கிடையாது, பல விஞ்ஞானிகளைச் சேர்த்து ஒரு பாத்திரம் ஆக்கியிருக்கிறார்கள், கடைசியில் எழுத்திலும் போட்டுவிடுகிறார்கள். ஹெலிகாப்டர் விழுந்தது நிஜம், ஆனால் அது 1986 அக்டோபர். கதையில் முதல் சில நாட்களிலேயே விழுகிறது. இவற்றை ஏற்றுக்கொள்கிறேன், காரணம் புரிகிறது.

ஏற்க முடியாதது ஒன்று. கதிர்வீச்சு பட்டவரைத் தொட்டால் தொட்டவருக்கும் ஒட்டும் என்பதுபோல மருத்துவமனைக் காட்சி அமைந்திருக்கிறது. உடையைக் கழற்றி உடம்பைக் கழுவிவிட்டால் அந்த நோயாளியால் பக்கத்தில் இருப்பவருக்குக் கிட்டத்தட்ட ஆபத்தே இல்லை. நோயாளியைச் சுற்றியிருக்கும் அந்த பிளாஸ்டிக் திரை நம்மைக் காக்க இல்லை, அவரைக் காக்க. எலும்பு மஜ்ஜை செத்துப்போனதால் சாதாரணக் கிருமியே அவரைக் கொன்றுவிடும். ஒரு வரி வசனம் போதும், இதைச் சொல்லியிருக்கலாம். நோயாளியின் கையைப் பிடிக்கப் பயப்படும் ஆட்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, 1986இல் விளாதிமிர் ஷெவ்சென்கோ அங்கேயே போய் எடுத்த ஆவணப்படம். படச்சுருளில் வெள்ளைப் புள்ளிகள் பளிச் பளிச்சென்று விழுகின்றன, கூடவே ஒரு கரகரப்பு. பிரின்ட் மோசம் என்று நிறுத்திவிடாதீர்கள். ஃபிலிமில் நேராகப் பதிந்த கதிர்வீச்சு அது. ஷெவ்சென்கோ 1987இல் இறந்தார்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று இன்னொரு ஜோடி. 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆஃபிஸ்', நான்கு பகுதிகள், 2024 ஜனவரி முதல் வாரம் பிரிட்டனில் ஐடிவியில் தினம் ஒன்றாக ஓடியது. கூடவே நிஜ மனிதர்கள் பேசும் ஆவணப்படம் ஒன்றும் வந்தது. அதே வரிசையில் பாருங்கள்.

1999இலிருந்து தபால் நிலையங்களில் வைத்த ஹொரைசன் மென்பொருள் கணக்கைத் தப்பாகக் காட்டியது. பற்றாக்குறைக்கு அந்த நிலையத்தை நடத்தியவரைத் திருடன் என்றார்கள். 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பு பெற்றார்கள். முதல் பகுதியில் அவர்களில் ஒருவரான ஜோ ஹாமில்டன் உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டபடி கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் சொன்னபடியே விசையை அழுத்துகிறார். குறைந்த தொகை அவர் கண் முன்னால் இரட்டிப்பாகிறது. ஒரு கிராமத்துக் கடை, ஒரு திரை, ஒரு எண். செர்னோபிலைவிட இது என்னை அதிகம் கலக்கியது.

பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த விஷயம்தான். 2019லேயே, தபால் நிலையம் நடத்தி இதே பழியைச் சந்தித்த பேட்ஸின் தரப்பு உயர் நீதிமன்றத்தில் வென்றுவிட்டது. ஆனாலும் தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் வந்தது 2024 மே மாதம், நாடகம் ஓடிய பிறகு. நாடகத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களிடம் இந்த இரண்டு ஆண்டுகளையும் சொல்வேன்.

மார்ச் 9, திங்கள்

மறுபடி எடுக்க வேண்டுமாம். எதையும் பார்க்கவில்லை.

மார்ச் 11, புதன்

'டிரையல் பை ஃபயர்'. நெட்ஃப்ளிக்ஸ், 2023, ஏழு பகுதிகள். டெல்லி உப்ஹார் தியேட்டர், 1997 ஜூன் 13, 59 பேர். தீ ஆரம்பித்தது கீழே கார் நிறுத்தும் இடத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில். இறந்தவர்கள் மேலே பால்கனியில், பெரும்பாலும் புகையால். கூடுதல் இருக்கை போட்டு வழியை அடைத்திருந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயாக வரும் ராஜ்ஸ்ரீ தேஷ்பாண்டே அழாத காட்சிகளைக் கவனியுங்கள், ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் காத்திருக்கும் காட்சிகள். நீதிமன்றம் எப்படி ஒரு ஆளின் வயதைத் தின்னும் என்பது அங்கே இருக்கிறது. வாய்தா, வாய்தா, வாய்தா.

இனி எந்தத் தியேட்டரில் உட்கார்ந்தாலும் விளக்கு அணையும் முன் இரண்டு வாசல்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 12, வியாழன்

அப்பாவுக்குத் தூக்கமில்லை. பயமில்லாத ஒன்று கேட்டார். கார்ல் சேகனின் வானியல் தொடர் 'காஸ்மோஸ்', 1980, பதின்மூன்றில் பத்தாவது. தாராசுரம் கோயில், பொங்கல், சோழர் கால நடராஜர். முழுக்க விழித்திருந்தார். ஆங்கிலம் வேகம் இல்லை, வயதானவர்களுக்குச் சரியாக வரும்.

மார்ச் 14, சனி

பெரியதை எடுத்தாயிற்று. 'தி வேர்ல்ட் அட் வார்', இரண்டாம் உலகப் போர் பற்றிய ஆவணத் தொடர், தேம்ஸ் டெலிவிஷன், 1973–74, 26 பகுதிகள், லாரன்ஸ் ஒலிவியே குரல். ஹிட்லரின் செயலாளர் டிரவுட்ல் யுங்கே, அமைச்சர் ஆல்பர்ட் ஷ்பேர் எல்லாரும் உயிரோடு வந்து பேசுகிறார்கள். இன்று அந்தப் பேட்டிகளை யாராலும் எடுக்க முடியாது.

எந்தப் பதிப்பு என்று பார்த்து எடுங்கள். அசல் 4:3, பழைய டிவியின் அகலம் குறைந்த வடிவம். 2010இல் வந்த ப்ளூ-ரே பதிப்பை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். பேசுபவரின் நெற்றி போய்விடும், வரைபடத்தின் ஓரம் போய்விடும். படம் திரையை முழுக்க நிரப்பினால் அது வெட்டிய பதிப்பு, அல்லது உங்கள் டிவி இழுத்து வைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால்தான் சரி. டிவியின் ஜூம், ஸ்ட்ரெச் இரண்டையும் அணையுங்கள். மோஷன் ஸ்மூத்திங்கையும் அணையுங்கள், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்ற பெயரில் இருக்கும். பழைய செய்திப்படத்தில் இல்லாத ஃப்ரேமை அதுவாக உண்டாக்கிச் சேர்க்கிறது, மனிதர்கள் வழுக்கிக்கொண்டு நடப்பார்கள்.

26க்கும் நேரமில்லாதவர்களுக்கு: 1, 9, 14, 20, 24, 26. ஒன்பது ஸ்டாலின்கிராட், பதினான்கு பர்மா, இருபது யூதப் படுகொலை. இருபதை ராத்திரியில் போடாதீர்கள், அதன் பிறகு அன்று வேறு எதையும் போடாதீர்கள். 1ஐயும் 26ஐயும் பிரிக்க முடியாது, இரண்டிலும் ஜெர்மானியப் படை அழித்த பிரான்சின் ஒராடூர் கிராமம் வருகிறது. நாங்கள் 9 வரை வந்திருக்கிறோம். 10 முதல் 13 வரை எதைத் தள்ளலாம் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.