எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் கோணேசர் மலை ஏறினேன்

நாரி நோவு காலுக்கு இறங்கி, இருந்தால் எழும்ப ஏலாத நிலை வந்த பிறகு டொக்டர் எம்.ஆர்.ஐ. எழுதித் தந்தார். பெரிய காந்தக் குழாய்க்குள் படுக்க வைத்து உடம்பின் உள்ளே படம் எடுக்கும் ஸ்கான் அது. நோவை விட அந்தக் குழாய்தான் எனக்குப் பயம். லிப்டில் நாலு பேர் ஏறினாலே மூச்சு முட்டும் ஆள் நான். கேள்விப்பட்ட எல்லாரும் "பயப்படாதேங்கோ" என்றார்கள். அந்தச் சொல்லால் பயம் போன ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை.

உண்மையில் உதவியது தங்கச்சியின் மகள். யூடியூபில் அந்த மெஷினின் சத்தத்தைத் தேடி எடுத்து, என்னை உப்புவெளி வீட்டு விறாந்தையில் படுக்க வைத்துப் போட்டுக் காட்டினாள். டக் டக் என்று ஒரு சுற்று, பிறகு அமைதி, பிறகு வேறு மாதிரி ஒரு சுற்று. காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரம் விட்டு விட்டுப் பாய்கையில் அவை அதிர்வதால் வரும் சத்தம் அது என்று விளங்கப்படுத்தினாள். எதுவும் பழுதாகிச் சத்தம் போடவில்லை, படம் எடுபடுகிறது என்று தெரிந்ததும் பாதிப் பயம் இறங்கிவிட்டது. எக்ஸ்ரே கதிரும் இதில் இல்லை.

மூச்சையும் அவள்தான் பழக்கினாள். மூக்கால் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெல்ல விட வேண்டும். வெளியே விடும் மூச்சு நீண்டால் நெஞ்சுப் படபடப்பு தணியும். கை, தோள், தாடை என்று ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்தும் முறையும் உண்டு. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வைத்தியர் வகுத்தது. அதைக் காத்திருக்கும் வாங்கிலேயே செய்து முடித்துவிட வேண்டும். உள்ளே போய்ச் செய்தால் உடம்பு அசைந்து படம் கலங்கிவிடும்.

காந்தம் என்பதால் உலோக நகை எதையும் போட்டுக்கொண்டு உள்ளே போக ஏலாது. அன்று மனம் கனத்தது தாலிக்கொடியைக் கழற்றும்போதுதான். அம்மா முதல் நாளே மஞ்சள் துண்டைக் கயிற்றில் கட்டித் தந்திருந்தா. அதைக் கழுத்தில் போட்ட பிறகே கொடியில் கை வைத்தேன். காப்பு, தோடு, கொண்டை ஊசி எல்லாம் பையில் போட்டாயிற்று.

நாரி ஸ்கான் என்பதால் தலைக்கு முன்னம் கால் பக்கத்தைக் குழாய்க்குள் விட்டு எடுக்க ஏலுமா என்று கேட்டேன். ஓம் என்றார்கள். எல்லா ஸ்கானுக்கும் இது சரிவராது, ஆனாலும் கேட்டுப் பாருங்கள். காதுக்கு அடைப்பான் தந்து, கையில் ஒரு ரப்பர் பந்தையும் வைத்தார் ஸ்கான் எடுக்கும் தம்பி. "ஏலாட்டி அமத்துங்கோ அக்கா, உடன வெளியில எடுப்பன். ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு நேரம் எண்டு முதலே சொல்லுறன்." பந்தை நான் அமத்தவில்லை, விடவும் இல்லை.

மேசை நகர முன்னமே கண்ணில் துணி போடச் சொன்னேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு மூடுவதைவிட இது எவ்வளவோ மேல். சத்தம் தொடங்கியதும் மனதுக்குள் திருகோணமலைக் கோட்டை வாசலில் இருந்து மலை மேலுள்ள கோணேசர் கோயிலுக்கு நடக்கத் தொடங்கினேன். நிழலில் படுத்திருக்கும் மான்கள், மேடேறும் பாதை, செருப்புக் கழற்றிய காலில் கல்லின் சூடு, இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கம் முகத்தில் அடிக்கும் கடற்காற்று. "அடுத்தது நாலு நிமிசம் அக்கா" என்று குரல் வரும்போதெல்லாம் எங்கே விட்டேனோ அங்கிருந்து ஏறினேன். கோயிலில் தீபம் பார்க்க முன்னம் ஸ்கான் முடிந்துவிட்டது.

இவ்வளவு செய்தும் ஏலாது என்றால், முதலே டொக்டரிடம் சொல்லுங்கள். தேவை என்று கண்டால் பயம் தணிய மருந்து தருவார். அன்று துணைக்கு ஒரு ஆள் வேண்டும், வாகனம் ஓட்டக் கூடாது. எனக்குப் படங்கள் தெளிவாக வந்தன. இடுப்பு முள்ளெலும்பின் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையிலுள்ள தட்டு நரம்பை அழுத்துகிறதாம். பிசியோதெரபி தொடங்கியாயிற்று.